உஷார்! அந்த ரத்தக் குழாய் எத்தனை மணி நேரம் மேஜையில் நின்றது?

களைப்பா? முடி கொட்டுகிறதா? ஜிம்முக்குப் போயும் சதை ஏறவில்லையா? "ஒரு அமினோ அமில டெஸ்ட் எடுத்துடலாம் சார், பேக்கேஜ்ல சேர்த்தா பாதி ரேட்தான்" என்று யாராவது சொன்னால், கையை நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வீட்டில் பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குழந்தை இருக்கிறது, நேற்றுவரை நன்றாகக் குடித்த பிள்ளை இன்று மார்பில் வாய் வைக்காமல் தூங்கித் தூங்கி விழுகிறது என்றால், பத்திரிகையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். போகிற வழியில் இதன் பின்பாதியை மட்டும் படித்தால் போதும்.

டெஸ்ட் போலி அல்ல. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். நாம் தின்கிற பருப்பும் மீனும் முட்டையும் வயிற்றில் உடைந்து அமினோ அமிலங்களாகித்தான் ரத்தத்தில் கலக்கின்றன. புரதத்தைக் கட்டும் 20 அமிலங்கள், அவற்றோடு ஆர்னிதின், சிட்ருலின், டாரின் என்று உடலின் வேறு வேலைகளுக்கான சில. ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து இவற்றைத் தனித்தனியே பிரித்து, எது எவ்வளவு என்று அளக்கிறது இயந்திரம். பழைய இயந்திரங்களில் நிறம் காட்டுவதற்கு நின்ஹைட்ரின் என்ற ரசாயனத்தைச் சேர்ப்பார்கள். காகிதத்தில் பதிந்த கைரேகையை எடுக்கப் போலீஸ் பயன்படுத்தும் அதே சரக்கு. ஒரு சாம்பிளுக்கே இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். இப்போது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வந்துவிட்டதால் சில நிமிடங்களில் முடிகிறது. வேகமும் மலிவும் வந்ததும், கடைச்சரக்காகவும் ஆகிவிட்டது. அங்கேதான் வில்லங்கம்.

பிறவியிலேயே ஏதோ ஒரு நொதி வேலை செய்யாமல், ஒரு குறிப்பிட்ட அமினோ அமிலம் ரத்தத்தில் மலைபோல் குவியும் அரிய நோய்களைப் பிடிக்க உருவான டெஸ்ட் இது. அந்த நோய்களில் அளவு சாதாரணத்தைவிடப் பத்து மடங்கு, இருபது மடங்கு ஏறியிருக்கும். ஒரு வரம்புக்கு அரைப்புள்ளி மேலே, அரைப்புள்ளி கீழே என்று பார்த்து நல்ல உடம்புக்காரருக்கு ஜோசியம் சொல்வதற்கு இதை யாரும் செய்யவில்லை.

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். ரிப்போர்ட்டில் 'நார்மல் ரேஞ்ச்' என்று அச்சிடுகிறார்களே, பொதுவாக அது ஆரோக்கியமான 100 பேரில் 95 பேர் அடங்கும் எல்லை. மீதி 5 பேரும் ஆரோக்கியமானவர்கள்தான். எல்லைக்கு வெளியே நிற்கிறார்கள், அவ்வளவுதான். ஒரே ரத்தத்தில் 40 பொருள்களை அளந்தால், ஒரு குறையும் இல்லாத மனிதருக்கே சராசரியாக 2 பொருள்கள் எல்லைக்கு வெளியே விழும். அந்த இரண்டும் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில், சில இடங்களில் சிவப்பில், 'ஹை' 'லோ' என்று வந்து நிற்கும். காசு கொடுத்து வாங்கிய கவலை! அதை ஆற்ற ஒரு டப்பா பவுடரும் அதே கையோடு எழுதித் தரப்படும்.

"உடம்புல புரோட்டீன் கம்மியா இருக்கான்னு இதுல தெரியும்ல?" என்று கேட்பவர்கள் அதிகம். தெரியாது. உடலின் புரதமெல்லாம் தசையிலும் உறுப்பிலும் கிடக்கிறது. பிளாஸ்மாவில் மிதப்பது அதில் ஒரு துளி. அந்தத் துளியும் நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்பதற்கேற்ப ஏறி இறங்கும். கறிக்குழம்பு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுத்தால் லூசின், ஐசோலூசின், வாலின் மூன்றும் தூக்கிக் காட்டும். சரி, நன்றாகப் பட்டினி கிடந்து கொடுப்போம் என்று ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் போனால், தசை கரைந்து அதே மூன்றும் மறுபடி ஏறும். ஜிம் பையன்கள் பி.சி.ஏ.ஏ. என்று தண்ணீரில் கலக்கிக் குடிப்பது இந்த மூன்றைத்தான். காலையில் குடித்துவிட்டு வந்து ரத்தம் கொடுத்தால், இயந்திரம் பவுடர் டப்பாவை அளந்து சொல்லும்.

இனி, குழாய்க்குள் நடப்பதைப் பார்ப்போம். ரிப்போர்ட்டில் வராத கதை இதுதான்.

தெருமுனைக் கலெக்‌ஷன் சென்டரில் காலை 7 மணிக்கு ரத்தம் எடுக்கிறார்கள். பச்சை மூடி போட்ட ஹெப்பாரின் குழாய். எடுத்ததும் ஐஸில் வைத்து, தாமதிக்காமல் சுற்றுப்பொறியில் சுற்றிப் பிளாஸ்மாவைத் தனியே பிரித்து, உறைய வைத்து அனுப்ப வேண்டும். ஆனால் அந்தச் சின்ன அறையில் இருப்பது ஒரு மேஜை, ஒரு ஃபேன், ஒரு ஸ்டாண்டு. பைக்கில் வருகிற பையன் எல்லாச் சென்டரையும் சுற்றிவிட்டு வருவதற்குள் மணி பதினொன்றாகிவிடும். அதுவரை குழாய் ஸ்டாண்டில் நிற்கிறது. சித்திரை மாதம், மின்வெட்டு வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய்க்குள் போன பிறகும் ரத்தம் உயிரோடுதான் இருக்கிறது. சிவப்பணுக்கள் வேலையை நிறுத்துவதில்லை. அவற்றுக்குள் இருக்கும் ஆர்ஜினேஸ் என்ற நொதி வெளியே கசிந்தால், ஆர்ஜினினை ஆர்னிதினாக மாற்றிக்கொண்டே இருக்கும். குளூட்டமின் சிதைந்து குளூட்டமேட் ஆகும். கூடவே அமோனியா வெளியேறும். சிஸ்டின் மெல்லப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு கணக்கிலிருந்து மறையும். மெல்லிய நரம்பில் ஊசியை அழுத்தி இழுத்து அணுக்கள் உடைந்துவிட்டால், 'சாம்பிள் ஹீமோலைஸ் ஆகிடுச்சு' என்பார்களே, அப்போது இன்னும் மோசம்: அஸ்பார்டேட், குளூட்டமேட், டாரின் எல்லாம் பொய்யாக ஏறும். நாலு மணி நேரம் கழித்து இயந்திரம் அளக்கும்போது துல்லியமாகத்தான் அளக்கும். அளக்கப்படுவது மட்டும் உங்கள் உடம்பில் ஓடிய ரத்தம் இல்லை.

விளைவு? 'ஆர்ஜினின் லோ' என்று ரிப்போர்ட் வருகிறது. ஆர்ஜினின் பவுடரை எதற்கென்று சொல்லி விற்கிறார்கள் தெரியுமா? ரத்த ஓட்டம், ஆண்மை. நாற்பது வயது மனிதர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் அந்தப் பவுடரைக் குடிக்கத் தொடங்குவார். குறைந்தது அவருடைய ஆர்ஜினின் அல்ல. குழாய்க்கு ஐஸ் கிடைக்கவில்லை.

ஆகவே, டாக்டர் எழுதிக் கொடுத்தே இந்த டெஸ்ட் எடுப்பதானாலும் மெயின் லேபுக்கே நேரில் போய்க் கொடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டோடு நிறுத்திவிட்டு, வெறும் வயிற்றில் காலையில். 'எடுத்ததும் உடனே சுற்றிப் பிரிப்பீங்களா, இங்கேயே ஓட்டுவீங்களா, வெளியூர் அனுப்புவீங்களா?' என்று கேட்பது உங்கள் உரிமை. சுவரில் என்.ஏ.பி.எல். சான்றிதழ் தொங்குவதைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். அந்த அங்கீகாரம் டெஸ்ட் வாரியாகத் தரப்படுவது. சர்க்கரைக்கும் யூரியாவுக்கும் வாங்கியிருப்பார்கள். அமினோ அமிலம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பெரியவர்களில் இந்த வகையில் அதிகம் மாட்டுவது ஹோமோசிஸ்டீன் என்ற ஒற்றை டெஸ்ட். இதுவும் அமினோ அமிலம்தான். இதயப் பரிசோதனைப் பேக்கேஜில் ஒட்டிக்கொண்டு வரும். 15 மைக்ரோமோல் வரை சாதாரணம் என்பார்கள். உங்களுக்கு 22 என்று வரும். 'ஹார்ட் அட்டாக் ரிஸ்க்' என்று பக்கத்தில் குறிப்பு. பிறகு தூக்கம் வருமா? முதல் சந்தேகம், மறுபடியும் குழாய்: பிரிக்காமல் வைத்தால் சிவப்பணுக்கள் ஹோமோசிஸ்டீனை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், சாதாரண வெப்பத்தில் மணிக்குச் சுமார் 10 சதவீதம் ஏறும். இரண்டாவது, நம் ஊரில் சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது சகஜம். பி12, ஃபோலேட், தைராய்டு, சிறுநீரகம் நான்கையும் பார்த்தாலே பெரும்பாலும் காரணம் பிடிபட்டுவிடும். பி12 குறைந்திருந்தால் அதற்கு வைத்தியம் செய்ய வேண்டியதுதான். நரம்புக்கும் ரத்தத்துக்கும் அது வேண்டும். ஆனால் வைட்டமின் கொடுத்து ஹோமோசிஸ்டீனை இறக்கினால் மாரடைப்பு குறையுமா என்று ஆயிரக்கணக்கான இதய நோயாளிகளை வைத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள், நார்விட்டும் ஹோப்-2 என்பதும், 2006-ல் வெளியாயின. அளவு இறங்கியது, மாரடைப்பு குறையவில்லை.

இதே டெஸ்ட் ஒருவருக்கு உயிர் காக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. வயதுக்கு மீறிய உயரம், மெலிந்த நீண்ட விரல்கள், கண் லென்ஸ் இடம் நழுவல், இருபது வயதுக்குள் காலிலோ மூளையிலோ ரத்தக்கட்டு: இப்படி ஒரு பிள்ளைக்கு ஹோமோசிஸ்டீன் 100-ஐத் தாண்டி நிற்கலாம். ஹோமோசிஸ்டினூரியா என்ற பிறவி நோய் அது. சிலருக்கு பி6 மாத்திரையே பாதி வைத்தியம். இங்கே இன்னொரு பள்ளம் இருக்கிறது: பொதுவான அமினோ அமில புரொஃபைலில் ஹோமோசிஸ்டீன் சரியாக அகப்படாது. அதில் பெரும்பகுதி புரதத்தோடு ஒட்டியிருக்கும். அளப்பதற்கு முன் புரதத்தை நீக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். புரொஃபைல் 'நார்மல்' என்று வந்ததை நம்பி இருந்துவிடாமல், 'மொத்த ஹோமோசிஸ்டீன்' என்று தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும்.

இப்போது பச்சைக் குழந்தைக்கு வருவோம். பயப்பட வேண்டிய இடம் இது.

பிரசவம் சுகம், எடை சரி, அழுகை சரி. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாயிற்று. நாலாம் நாள் குழந்தை பால் குடிப்பது குறைகிறது. ஐந்தாம் நாள் எழுப்பினாலும் எழவில்லை. பிறகு உடம்பு வில்லாய் முறுக்குகிறது, கால்கள் சைக்கிள் மிதிப்பதுபோல் அசைகின்றன, ஃபிட்ஸ் வருகிறது. ஆஸ்பத்திரியில் 'ரத்தத்தில் கிருமி' என்று ஆன்டிபயாடிக் தொடங்குகிறார்கள். தப்பில்லை, பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுதான் காரணம். ஆனால் சிலருக்குக் காரணம் பாலிலேயே இருக்கிறது. கருவில் இருந்தவரை தாயின் உடல் கழிவைச் சுத்தம் செய்தது. தொப்புள்கொடி அறுந்த பிறகு குழந்தை தன் நொதிகளை நம்ப வேண்டும். அதில் ஒன்று இல்லை என்றால், பாலிலுள்ள புரதமே நஞ்சாகிறது. லூசின் குவிந்தால் மேப்பிள் சிரப் நோய். யூரியா சுழற்சி கெட்டால் அமோனியா குவியும். இரண்டுமே மூளையை வீங்க வைக்கும். மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய விஷயம், நாள்கணக்கில் இல்லை.

மேப்பிள் சிரப் என்பது வடஅமெரிக்க மரப்பாகு, நாம் கண்டதில்லை. நம் மூக்குக்குப் புரியும்படி சொன்னால், அந்தக் குழந்தையின் மூத்திரத்திலும் காதுக் குறும்பியிலும் வெந்தயமும் காய்ந்த பாகும் கலந்த வாடை அடிக்கும். வெந்தயத்துக்கும் அந்தப் பாகுக்கும் வாசம் தருவது சோட்டோலான் என்ற ஒரே பொருள். நோயுள்ள குழந்தையின் சிறுநீரிலும் அதே பொருள் வருகிறது. வம்பு எங்கே என்றால், பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று நாம் வெந்தயக் களி கிண்டிக் கொடுக்கிறோம். தாய் வெந்தயம் சாப்பிட்டதால் நோயே இல்லாத குழந்தையின் மூத்திரத்தில் அந்த வாடை வந்து டாக்டர்கள் திகைத்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. நம் வீட்டில் நடப்பது அதற்கு நேர்மாறு. "வெந்தயம் தின்னவ பால் குடிக்குது, அந்த வாடைதாண்டி அது" என்று அம்மாச்சி சொல்லிவிடுவார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். குழந்தை நன்றாகக் குடித்து, நன்றாக அழுது, துணி நனைத்தால் சரிதான். குடிக்கவில்லை, துவண்டு கிடக்கிறது, கூடவே அந்த வாடையும் என்றால் வெந்தயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். டாக்டரிடம் வாடையையும் சொல்லுங்கள், களி சாப்பிட்டதையும் சொல்லுங்கள். தாயின் மூக்கு லேசுப்பட்டதல்ல. 1934-ல் நார்வேயில் ஒரு தாய், தன் இரண்டு குழந்தைகளிடமும் வரும் விசித்திர வாடையைப் பற்றி டாக்டர் டாக்டராகப் போய் விடாமல் கேட்டதால்தான், அஸ்பியார்ன் ஃபாலிங் என்ற மருத்துவர் அவர்களின் சிறுநீரைச் சோதித்து, பின்னால் ஃபினைல்கீட்டோனூரியா என்று பெயர் பெற்ற நோயையே கண்டுபிடித்தார்.

கேட்க வேண்டியது இதுதான்: "டாக்டர், அமோனியாவும் அமினோ அமிலமும் பார்த்துடலாமா?" இரண்டும் சேர்த்து. கிருமி வைத்தியம் ஒரு பக்கம் நடக்கட்டும். அமோனியா சாம்பிள் ஐஸில் வைத்து நிமிடக்கணக்கில் இயந்திரத்துக்குப் போக வேண்டும். வெளியூருக்கு அனுப்பி எடுத்த அமோனியா எண்ணை நம்ப முடியாது. அந்த வசதி இல்லாத ஆஸ்பத்திரி என்றால், இருக்கிற இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். அமினோ அமிலத்துக்கான ரத்தத்தைக் குழந்தை மோசமாக இருக்கும் அந்த நேரத்திலேயே எடுத்துவிட வேண்டும். பாலை நிறுத்திக் குளுக்கோஸ் ஏற்றிய இரண்டு நாளில் அளவுகள் இறங்கிவிடலாம். அப்போது எடுத்தால் 'நார்மல்' என்று வந்து எல்லாரையும் ஏமாற்றும். சத்து டிரிப் ஏறும் அதே கையில், அதே லைனில் எடுத்தாலும் கதை கந்தல். டிரிப்பிலேயே அமினோ அமிலம் இருக்கிறது. ஒன்று அடிக்கோடிட்டுச் சொல்கிறேன்: வெறும் வயிற்று டெஸ்ட் என்பது பெரியவர்களுக்கு. சோர்ந்த குழந்தையை டெஸ்டுக்காகப் பட்டினி போடாதீர்கள். பட்டினியில் உடல் தன் தசையையே கரைக்கும். இந்த நோய்களில் அதுவே உயிருக்கு ஆபத்து. அடுத்த பாலுக்குச் சற்று முன் எடுத்தால் போதும். முடியாவிட்டால் எப்போது முடியுமோ அப்போது.

இந்த நோய்கள் அரிது, நமக்கு வராது என்ற தைரியம் தமிழ்நாட்டில் கொஞ்சமும் கூடாது. தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகன் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் நான்கில் ஒன்றுக்கு மேல் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. பெற்றோர் இருவரும் ஒரே கெட்ட மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. சொந்தம் விட்டுக் கட்டியவர்களுக்கு வராது என்றும் இல்லை. பிறந்த குழந்தைகளின் ரத்தத்தை அமினோ அமில நோய்களுக்காகச் சோதிக்கும் வேலை பெங்களூரில் 1980-களிலேயே நடந்திருக்கிறது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு. கோவா 2008-ல் மாநிலம் முழுக்கத் தொடங்கியது. ஆனாலும் நாடு முழுவதும் கட்டாயம் என்ற நிலை இன்னும் வரவில்லை. நீங்கள் கேட்டால்தான் எடுப்பார்கள். பிறந்து 48-லிருந்து 72 மணி நேரத்துக்குள் குதிகாலில் குத்தி, வடிதாள் அட்டையில் சில சொட்டு. ஒரே நாளில் டிஸ்சார்ஜ் ஆகிப் போகிறவர்கள் இதைத் தவற விடுகிறார்கள். பால் போதுமான அளவு உள்ளே போகுமுன் எடுத்தால் சில நோய்கள் பிடிபடாமலும் போகும். 'பாசிட்டிவ்' என்று போன் வந்தால் அலறவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். குறைமாதக் குழந்தைக்கு டைரோசின் தற்காலிகமாக ஏறுவது சகஜம். அட்டை சல்லடை மட்டும்தான். பிளாஸ்மா டெஸ்ட் எடுத்த பிறகே முடிவு. அந்த இரண்டாவது டெஸ்டை மட்டும் 'அடுத்த வாரம் பாத்துக்கலாம்' என்று தள்ளிவிடாதீர்கள்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் யூனிட்டைப் பாருங்கள். ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் ஒரு லேபில் 2 என்றும் இன்னொன்றில் 120 என்றும் வரும். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுதான். முதலாவது மில்லிகிராம், இரண்டாவது மைக்ரோமோல். 'அறுபது மடங்கு ஏறிடுச்சு' என்று ஒரு குடும்பமே அழுது தீர்க்க இது போதும். குழந்தைக்கு என்னென்ன மருந்து போகிறது என்பதையும் லேப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் ஒன்றே கிளைசினை ஏற்றிக் காட்டும்; அமோனியாவையும் ஏற்றும்.

ரிப்போர்ட்டை இணையத்தில் தட்டிப் பார்த்து நீங்களாகவே பாலை நிறுத்துவது, பருப்பை நிறுத்துவது வேண்டவே வேண்டாம். ஃபினைல்அலனினை அடியோடு நிறுத்தினாலும் குழந்தை வளராது. மூளைக்கு அதுவும் வேண்டும். எவ்வளவு குறைப்பது, எந்தச் சிறப்புப் பால்மாவு, எத்தனை நாளுக்கொரு முறை ரத்தம் என்பதையெல்லாம் மெட்டபாலிக் நோய் தெரிந்த குழந்தை மருத்துவரும் உணவு நிபுணரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

கடைசியாக ஒன்று, சொல்லவே வாய் வராத விஷயம். ஒரு குழந்தை இப்படிக் காரணம் தெரியாமலேயே கைவிட்டுப் போகும் நிலை வந்தால், அந்த இருட்டிலும் யாராவது ஒருவர், சித்தப்பாவோ மாமாவோ, டாக்டரிடம் கேட்க வேண்டும்: "வடிதாள் அட்டையில் ரத்தம் எடுத்து வெச்சிருக்கீங்களா? மரபணு டெஸ்டுக்கு ரத்தம் எடுத்தாச்சா?" அந்தக் காய்ந்த சொட்டுகளிலிருந்து அமினோ அமிலமும் பார்க்கலாம், மரபணுவும் பார்க்கலாம். காரணம் தெரிந்தால், அடுத்த கருவுக்கு 11 வாரத்திலிருந்தே நஞ்சுக்கொடித் திசுவில் சோதனை செய்ய வழி இருக்கிறது. அட்டை இல்லாவிட்டாலும், அடுத்த பிரசவத்துக்குப் பெயர் பதியும் முதல் நாளே 'மூத்த பிள்ளை ஆறாம் நாள் தவறிடுச்சு, கிருமின்னாங்க' என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். குழந்தை பிறந்ததும் எத்தனை மணிக்கு அமோனியா, எத்தனை மணிக்கு அமினோ அமிலம், எந்த லேப், யார் கொண்டு ஓடுவது என்பதைப் பிரசவத் தேதிக்கு முன்பே அந்தக் கேஸ் ஷீட்டில் எழுதி வாங்கிவிட வேண்டும்.